ரீகன் 1980: ஒரு வலதுசாரி வேட்பாளரின் வாக்குறுதிகளை எப்படிப் படிப்பது?

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் ஒரு பெட்டிச்செய்தி வந்துவிடும். இந்த வேட்பாளர் வரியைக் குறைப்பார், கருக்கலைப்பை எதிர்க்கிறார், ராணுவத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்குவார், இன்னின்ன துறைகளை மூடுவார் என்று ஒரு பட்டியல். நம்மூர்த் தேர்தல் அறிக்கையைப் படிக்கிற கண்ணோடுதான் அதையும் படிக்கிறோம். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. இங்கே சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள கட்சிதான் ஆட்சி அமைக்கிறது. முதல்வர் மனது வைத்து, கஜானாவில் பணமும் இருந்தால் பெரும்பாலான காரியங்கள் நடந்துவிடும். அமெரிக்காவில் அதிபரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், சட்டம் இயற்றும் சபைகளைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சபை எதிர்க்கட்சியின் கையில் இருப்பது அங்கே அதிசயமே இல்லை.

ஆகவே "வேட்பாளர் என்ன சொல்கிறார்" என்பதோடு நின்றால் பாதிக் கணக்குத்தான். சொல்வதைச் செய்ய யாரிடம் சாவி இருக்கிறது என்பது மீதிப் பாதி. இப்போதைய வேட்பாளர் ஒருவரை எடுத்துப் பேசினால் கட்சிச் சண்டையில் போய் முடியும். விளைவெல்லாம் தெரிந்துவிட்ட பழைய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 1980-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற ரொனால்ட் ரீகன். இன்றைய அமெரிக்க வலதுசாரி அரசியலின் பேச்சுவழக்கில் பெரும்பகுதி அந்தத் தேர்தலில் உருவானதுதான்.

'பழமைவாதி' என்ற சொல்லில் ஒரு சிக்கல்

'கன்சர்வேட்டிவ்' என்பதைத் தமிழில் பழமைவாதி என்று எழுதிவிடுகிறோம். இருப்பதை இருந்தபடியே காப்பவர் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொள்கிறது. ரீகன் அப்படிப்பட்டவர் அல்ல. 1930-களில் ரூஸ்வெல்ட் காலம் தொட்டு ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்த மத்திய அரசைச் சுருக்குவேன், நிறைய விஷயங்களை மாற்றுவேன் என்று சொல்லித்தான் அவர் வாக்குக் கேட்டார்.

அவர் பின்னால் நின்றவர்களும் ஒரே கூட்டம் இல்லை. மூன்று கூட்டங்கள்:

1. வரி குறைய வேண்டும், தொழில்கள் மீது அரசின் பிடி தளர வேண்டும் என்றவர்கள்.
2. சோவியத் யூனியனிடம் அமெரிக்கா பணிந்து போகிறது, ராணுவ பலத்தைக் கூட்ட வேண்டும் என்றவர்கள்.
3. மதமும் குடும்பமும் ஆட்டம் கண்டுவிட்டன என்று கவலைப்பட்டவர்கள். பொதுப்பள்ளிகளில் அதிகாரபூர்வப் பிரார்த்தனையை 1962-இலும், கருக்கலைப்புக்கான மாநிலத் தடைகளை 1973-இலும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது இவர்களை அரசியலுக்குள் இழுத்து வந்தது.

முதல் கூட்டம் செலவைக் குறைக்கச் சொல்கிறது, இரண்டாவது கூட்டம் அதை அதிகரிக்கச் சொல்கிறது. முதல் கூட்டத்துக்கு அரசு ஒதுங்கி நிற்க வேண்டும், மூன்றாவதுக்கு அரசு தலையிட வேண்டும். மூவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்ததுதான் ரீகனின் சாமர்த்தியம். அவருடைய சொந்தக் கதையும் நேர்கோடு இல்லை. 1962 வரை ஜனநாயகக் கட்சிக்காரர். ஹாலிவுட் நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். கலிபோர்னியா ஆளுநராகப் பதவியேற்ற 1967-இலேயே பெரிய வரி உயர்வு ஒன்றிலும், கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்திய சட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த, நம் முதல்வரைப் போன்ற பதவி. ராஜ்பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

தமிழ் வாசகர் தடுக்கி விழக்கூடிய இன்னொரு சொல் 'மாநில உரிமை'. நமக்கு அது திராவிட இயக்கத்தின் சொல். மாநில சுயாட்சி என்றால் டெல்லியின் ஆதிக்கத்தை எதிர்ப்பது, சமூக நீதியோடு கைகோத்து வருவது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதே சொல்லுக்கு நேர்மாறான வரலாறு. முதலில் அடிமை முறையையும், பிறகு கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்த சட்டங்களையும் காக்க மாநிலங்கள் தூக்கிப் பிடித்த கேடயம் அது. 1980 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா சந்தையில் பேசிய ரீகன், தனக்கு மாநில உரிமையில் நம்பிக்கை உண்டு என்றார். 1964-இல் மூன்று சிவில் உரிமைப் போராளிகள் கொலை செய்யப்பட்ட ஊருக்குப் பக்கத்தில்தான் அந்தச் சந்தை நடக்கிறது. அதிகாரத்தை வாஷிங்டனிலிருந்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைத்தான் சொன்னார் என்பது அவரது ஆதரவாளர்களின் விளக்கம். அந்த இடத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் கேட்பவர் காதில் எப்படி விழும் என்பது தெரியாத அளவுக்கு அவர் அரசியலுக்குப் புதியவர் இல்லை என்பது என் எண்ணம்.

1980-இன் நிலைமை

சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அந்த ஆண்டு அமெரிக்காவில் பணவீக்கம் 13.5 சதவீதம். ஈரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள். முந்தைய டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு நடந்த விவாதத்தில் ரீகன் மக்களைக் கேட்டார். பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டருக்கு 49 தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்குகள்), ரீகனுக்கு 489. ஆனால் மக்கள் வாக்கில் ரீகன் பெற்றது 50.7 சதவீதம்தான். கூடவே செனட் சபை அவர் கட்சிக்கு வந்தது, பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடமே இருந்தது. இந்த இரண்டு சபைகளும் சேர்ந்ததைத்தான் அங்கே காங்கிரஸ் என்கிறார்கள்.

சாவி யாரிடம்?

இனி அவருடைய நிலைப்பாடுகளைத் தலைப்பு வாரியாக அடுக்காமல், நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பார்த்து அடுக்குவோம்.

1. அதிபரின் பேனா

சில காரியங்களுக்கு அதிபரின் கையெழுத்து போதும். மத்திய அரசு வேலைகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தும் உத்தரவில், 1981 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு ரீகன் கையெழுத்திட்டார். எண்ணெய் விலை மீது மிச்சமிருந்த கட்டுப்பாடுகளை அதே மாதத்தில் நீக்கினார். ஆப்கானிஸ்தான் விவகாரத்துக்காக சோவியத்துக்கு தானியம் விற்கக் கார்ட்டர் விதித்திருந்த தடையை ஏப்ரலில் விலக்கினார். சோவியத்தை அவ்வளவு கடுமையாக எதிர்த்தவர் ஏன் அவர்களுக்கு தானியம் விற்க விடுகிறார் என்று கேட்கலாம். தடையின் சுமை முழுக்க அமெரிக்க விவசாயி தலையில் விழுகிறது என்று பிரசாரத்தின்போதே சொல்லியிருந்தார். விவசாயிகள் நிறைந்த மாநிலங்களின் வாக்கு அவருக்குத் தேவைப்பட்டது.

அறிக்கையில் இல்லாமலே பேனா வேலை செய்த சம்பவமும் உண்டு. 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்றார் ரீகன். அப்படியே 11,000-க்கும் மேற்பட்டவர்களை நீக்கினார். தேர்தலில் அவரை ஆதரித்த மிகச் சில தொழிற்சங்கங்களில் அவர்களுடையதும் ஒன்று!

பேனாவால் எழுதியதில் ஒரு பலவீனம்: அடுத்தவர் பேனாவால் அழித்துவிடலாம். கருக்கலைப்பு சேவை தரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்கக் குடும்பநல நிதி கிடையாது என்ற கொள்கையை ரீகன் அரசு 1984-இல் கொண்டுவந்தது. 1993-இல் கிளின்டன் ரத்து செய்தார். 2001-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் திரும்பக் கொண்டுவந்தார். 2009-இல் ஒபாமா நீக்கினார், 2017-இல் டிரம்ப் மீட்டார், 2021-இல் பைடன் நீக்கினார், 2025-இல் மறுபடி டிரம்ப். நாற்பது ஆண்டுகளாக ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதுமாகவே போய்க்கொண்டிருக்கிறது.

2. காங்கிரஸ்

பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் சாவி இங்கேதான். ரீகன் சொன்னவற்றில் மையமானதும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அவர் முன்வைத்தது தனிநபர் வருமான வரி விகிதங்களை ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் மூன்று ஆண்டுகள் குறைப்பது. பிரதிநிதிகள் சபையின் ஜாக் கெம்ப், செனட்டர் வில்லியம் ராத் இருவரும் முன்பே கொண்டுவந்திருந்த மசோதா அது. அந்த யோசனை சாதாரண சம்பளக்காரருக்கும் ஏன் பிடித்தது என்பதற்கு விலைவாசியைப் பார்க்க வேண்டும். விலைவாசி 13 சதவீதம் ஏறி, சம்பளமும் 13 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் சக்தி அதேதான், ஒரு கிலோ இறைச்சிகூட அதிகமாக வாங்க முடியாது. ஆனால் வரி ஸ்லாப் மாறாமல் இருப்பதால் அந்தக் கூடுதல் சம்பளம் மேல் ஸ்லாபுக்குள் போய் விழுகிறது. சட்டசபையில் யாரும் வரியை உயர்த்தவில்லை, ஆனால் வரி உயர்ந்துவிட்டது. (நம் நாட்டிலும் ஸ்லாப் தானாக ஏறாது. அதனால்தான் ஒவ்வொரு பட்ஜெட் நாளிலும் மாதச் சம்பளக்காரர்கள் நிதியமைச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.)

இன்னொரு பக்கம் ஒரு கோட்பாடு. பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபரின் பெயரில் வழங்கும் வளைகோடு அது. வரி விகிதம் பூஜ்யம் என்றால் அரசுக்கு வருமானம் பூஜ்யம். 100 சதவீதம் என்றால் யாரும் உழைக்க மாட்டார்கள், அப்போதும் பூஜ்யம். இடையில் எங்கோ ஒரு உச்சம் இருக்கிறது. அந்த உச்சத்தைத் தாண்டிப் போயிருந்தால் விகிதத்தைக் குறைத்தாலே வருமானம் கூடும். இதில் தர்க்கப் பிழை இல்லை. நாம் இப்போது அந்த உச்சத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. அப்போது அமெரிக்காவில் உச்ச விகிதம் 70 சதவீதம். அதைச் செலுத்திய பணக்காரர்களைப் பொறுத்தவரை வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. நடுத்தட்டு விகிதங்களுக்கும் அதே வாதத்தை நீட்டியது எனக்கு ஒப்புக்கொள்ளும்படியாக இல்லை.

இதோடு ராணுவச் செலவைக் கூட்டுவேன், 1983-க்குள் பட்ஜெட்டில் துண்டு விழாமல் பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னார். வரவு குறையும், செலவு கூடும், துண்டும் விழாது! அவர் கட்சிக்குள்ளேயே போட்டியிட்ட ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் இதைப் பில்லிசூனியப் பொருளாதாரம் என்று கேலி செய்தார். சில மாதங்களில் அதே ரீகனுக்குத் துணை அதிபர் வேட்பாளராகி, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

நடந்தது என்ன? 1981 மார்ச்சில் ரீகன் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். மக்கள் ஆதரவு கூடியது. எதிர்க்கட்சியின் தென் மாநில உறுப்பினர்கள் பலர் அவர் பக்கம் வாக்களித்தார்கள். பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டின் பெயரைத்தான் அவர்களுக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. கேட்ட 10-10-10 கிடைக்கவில்லை, 5-10-10 கிடைத்தது. உச்ச விகிதம் 70-லிருந்து 50-க்கு வந்தது. 1985 முதல் ஸ்லாப்கள் விலைவாசியோடு தானாக ஏறும் என்ற ஏற்பாடும் அதிலேயே வந்தது. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தின் மிக நீடித்த அம்சம் அதுதான், ஆனால் செய்திகளில் குறைவாகப் பேசப்பட்டதும் அதுவே.

அப்புறம் துண்டு விழ ஆரம்பித்தது. 1980 நிதியாண்டில் சுமார் 7,400 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை, சரிக்கட்டிவிடுவேன் என்று சொன்ன அதே 1983-இல் 20,000 கோடி டாலரைத் தாண்டியது. ரீகன் 1982-இலேயே ஒரு வரி உயர்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்து பெட்ரோல் மீதான மத்திய வரி கேலனுக்கு 4 சென்டிலிருந்து 9 சென்ட் ஆனது. எட்டு ஆண்டுகளில் ஒரு ஆண்டுகூட பட்ஜெட் சமன் ஆகவில்லை. தேசியக் கடன் சுமார் 90,000 கோடி டாலரிலிருந்து 1988-இல் 2.6 லட்சம் கோடி டாலராக ஏறியது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 1983-84-இல் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது, 1984 தேர்தலில் அவர் 49 மாநிலங்களை வென்றார்.

செலவைக் குறைக்கும் பக்கம் ஏன் நகரவில்லை என்பதற்கு ஒரே ஒரு வாக்கெடுப்பு போதும். முன்கூட்டியே ஓய்வு பெறுபவர்களின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தைக் குறைக்க 1981 மே மாதத்தில் ரீகன் அரசு யோசனை சொன்னது. அவர் கட்சியின் கையில் இருந்த செனட், 96-0 என்று அதற்கு எதிராக வாக்களித்தது. ஒருவர்கூட ஆதரவு இல்லை. கடைசியில் 1983-இல் இரு கட்சிகளும் சேர்ந்து ஓய்வு வயதைப் படிப்படியாக 65-லிருந்து 67-க்கு உயர்த்தின, அதற்கான வரிப் பிடித்தத்தையும் கூட்டின.

3. அரசியல் சட்டத் திருத்தம்

மூன்றாவது கூட்டத்துக்குத் தந்த வாக்குறுதிகள் பெரும்பாலும் இந்தப் பூட்டுக்குப் பின்னால் இருந்தன. இருப்பதிலேயே கனமான பூட்டு. இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்மேல் 50 மாநிலங்களில் 38-இன் ஒப்புதல் வேண்டும். அதிபரின் கையெழுத்துக்கு இதில் இடமே இல்லை. கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தம் 1983-இல் செனட்டில் 49-50 என்று தோற்றது. பள்ளிப் பிரார்த்தனைத் திருத்தம் 1984-இல் 56-44 பெற்றது. பெரும்பான்மைதான், ஆனால் 67 வேண்டும்.

திருத்தத்தை எதிர்ப்பவருக்கு இதே பூட்டு காவல். ஆண் பெண் சம உரிமைத் திருத்தத்தை நாற்பது ஆண்டுகளாக ஆதரித்து வந்த குடியரசுக் கட்சி, ரீகன் வேட்பாளரான 1980-இல் அந்த ஆதரவைக் கைவிட்டது. 35 மாநிலங்களோடு நின்றுபோன அந்தத் திருத்தம் 1982 ஜூன் 30 அன்று காலக்கெடு முடிந்து கிடப்பில் விழுந்தது. ரீகன் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

4. நீதிபதிகள்

உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, ஆயுள் முழுக்கப் பதவி. பெண்கள் வாக்கு கைநழுவுகிறது என்று தெரிந்ததும், தனக்குக் கிடைக்கும் முதல் காலியிடங்களில் ஒன்றில் ஒரு பெண்ணை நியமிப்பேன் என்று 1980 அக்டோபரில் ரீகன் சொன்னார். சொன்னபடியே மறு ஆண்டு சான்ட்ரா டே ஓ'கானரைக் கொண்டுவந்தார். 99-0 என்று ஒப்புதல் கிடைத்தது. கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள். அவர்களுடைய பயம் வீண் போகவில்லை. 1987-இல் ரீகன் முன்வைத்த ராபர்ட் போர்க்கை செனட் 42-58 என்று நிராகரித்தது, அந்த இடத்துக்கு அந்தோனி கென்னடி வந்தார். 1973 தீர்ப்பின் சாரத்தைக் காப்பாற்றிய 1992 தீர்ப்பை எழுதிய மூவரில் இருவர் ஓ'கானரும் கென்னடியும். அந்தத் தீர்ப்பு ரத்தானது 2022-இல். ரீகனுக்கு வாக்களித்து 42 ஆண்டுகள் கழித்து, வேறு அதிபர்கள் நியமித்த நீதிபதிகளால்.

5. பெடரல் ரிசர்வ்

விலைவாசியைக் குறைப்பேன் என்பது மக்கள் அதிகம் காது கொடுத்த வாக்குறுதி. அதற்கான சாவி அதிபரிடமும் இல்லை, காங்கிரஸிடமும் இல்லை. நம் ரிசர்வ் வங்கியைப் போன்ற பெடரல் ரிசர்வ்தான் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கிறது. அதன் தலைவர் பால் வோல்க்கர், 1979-இல் கார்ட்டர் நியமித்தவர். வட்டியை 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொழில்கள் முடங்கி, 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. 1983-இல் பணவீக்கம் 3.2 சதவீதம். ரீகன் செய்தது ஒன்றுதான்: சொந்தக் கட்சிக்காரர்கள் அலறியபோதும் வோல்க்கரின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பொறுத்துக்கொண்டதும் ஒரு கொள்கை முடிவுதான். பெருமை அவருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது, கார்ட்டருக்கு ஒன்றுமில்லை.

சொன்னதற்கு எதிராகப் போனவை

சாவி கையில் இருந்தும் சொன்ன பக்கம் திருப்பாதவை சில. இளைஞர்கள் ராணுவத்துக்குப் பெயர் பதிவு செய்வதைக் கார்ட்டர் 1980-இல் திரும்பக் கொண்டுவந்தபோது ரீகன் எதிர்த்தார், 1982-இல் தானே தொடர்ந்தார். தைவானோடு அதிகாரபூர்வ உறவைப் புதுப்பிப்பது பற்றிப் பேசினார், 1982-இல் தைவானுக்கு ஆயுத விற்பனையைப் படிப்படியாகக் குறைப்பதாகச் சீனாவோடு கூட்டறிக்கை வெளியிட்டார்.

மாநில உரிமைக்காரர் 1984-இல் செய்தது இன்னும் வேடிக்கை. மது வாங்கும் வயது மாநிலங்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம். 21 என்று உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை வெட்டும் சட்டத்தில் ரீகன் கையெழுத்திட்டார். நிதியைக் காட்டி மாநிலத்தைப் பணிய வைக்கும் அந்த வித்தை நமக்கு ஒன்றும் புதிதல்ல.

குடியேற்றம்தான் இன்றைய வாசகருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1980-இல் மெக்சிகோ எல்லையில் வேலி போடுவதைவிட, முறையாக வந்து வேலை செய்து திரும்பிப் போக அனுமதி தரலாம் என்று பேசியவர் ரீகன். அவர் 1986-இல் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆவணமில்லாமல் வசித்த சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வக் குடியிருப்பு பெற்றார்கள். இன்று அவரைக் குருவாகச் சொல்லிக்கொள்ளும் கட்சியில் இந்த நிலைப்பாட்டோடு ஒருவர் வேட்பாளராவது கடினம்.

மூடாத துறை

கல்வித் துறையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1979-இல் கார்ட்டர் சட்டம் போட்டு, 1980 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியிருந்த புத்தம் புதுத் துறை அது. கல்வி மாநிலங்களின் வேலை, இதை மூடுவேன் என்றார் ரீகன். 1977-இல் பிறந்த எரிசக்தித் துறையையும் மூடுவேன் என்றார். சட்டத்தால் உருவான துறையைச் சட்டத்தால்தான் மூட முடியும், அதாவது காங்கிரஸ். அங்கே அதற்கு வாக்குகள் திரளவில்லை. 1989-இல் அவர் பதவிக்காலம் முடிந்தபோது இரண்டு துறைகளும் இருந்தன. போதாதற்கு, முன்னாள் படைவீரர் நலனுக்கென அமைச்சரவை அந்தஸ்தில் ஒரு புதுத் துறைக்கும் 1988-இல் அவரே கையெழுத்திட்டிருந்தார்.

அதே கல்வித் துறையை மூடுவதற்கான நடவடிக்கைகளை எடுக்கும்படி 2025 மார்ச் 20 அன்று டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆணையிலேயே ஒரு சிறு சொற்றொடர் இருக்கிறது: சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு.